பலகைக்கு முன்னால் இரண்டு ஹாரன்

அந்த இன்ஜினை நாங்கள் ஆறுகாலி என்று அழைத்தோம். மலையாளத்தில் சிலந்திக்கு எட்டுக்காலி என்று பெயர். வடக்கே ஏதோ ஓர் இரும்பாலையில் பல வருஷம் உழைத்துவிட்டு விலைக்கு வந்த வண்டி அது. வருகிற வழியில் இரண்டு காலைத் தொலைத்துவிட்டு வந்த சிலந்தி என்று யாரோ கேலி செய்திருக்கிறார்கள். நான் வேலைக்குச் சேரும் முன்பே அந்தப் பெயர் அதோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

வேகன்களைத் தள்ளவும் இழுக்கவும் மட்டுமே இருக்கிற ஷண்டிங் இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் நாலு அச்சுதான். குட்டையாக இருக்கும், எந்த வளைவிலும் நுழைந்துவிடும். ஆறுகாலிக்கு முன்னால் மூன்று அச்சு, பின்னால் மூன்று அச்சு. ஊர் ஊராக ஓடுகிற பெரிய இன்ஜினின் உடம்பை வைத்துக்கொண்டு, மனுஷன் நடக்கிற வேகத்தில் வேலை செய்யும். எடை பன்னிரண்டு சக்கரங்களில் பரவி நிற்பதால் பிடிப்பு அதிகம். மழையில் நனைந்த தண்டவாளத்திலும் சரக்கு ஏற்றிய வேகன் வரிசையைச் சிரமமில்லாமல் இழுத்துவிடும். ஆனால் வளைவு அதற்கு ஆகாது. மூன்று அச்சும் ஒரே சட்டத்தில் நேராக நிற்க, தண்டவாளம் மட்டும் வளைந்தால், சக்கரத்தின் விளிம்பு இரும்போடு உரசிக் கத்தும். காற்று சரியாக அடித்தால் அந்தக் கத்தல் காயலைத் தாண்டி மட்டாஞ்சேரியில் எங்கள் தெருவரை கேட்கும்.

தோப்பும்படியிலிருந்து பாலம் ஏறி இறங்கினால் துறைமுகத் தீவு, எங்களுக்கு ஐலண்ட். அங்கே ஒரு தனியார் குடோன்காரர்களின் சைடிங்கில், அதாவது குடோன்களுக்கென்று பிரிந்து வரும் தனித் தண்டவாளத்தில், நான் ஹெல்ப்பராக இருந்தேன். டிரைவர் என் அக்காவின் புருஷன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அப்பா நகரசபையில் குப்பை வண்டி ஓட்டினார். ஏழாவதோடு போதும் என்று நான் முடிவு செய்தேன், பள்ளிக்கூடமும் மறுத்துப் பேசவில்லை. அதன் பிறகு திருப்பூரில் பனியன் மூட்டை, பம்பாயில் லாரி கிளீனர், கோவாவில் மீன்பிடி படகு. வீட்டில் பேச்சு தமிழ், மலையாளம் பள்ளியில் படித்தது. தமிழ் எழுத்து திருப்பூரில் பஸ் போர்டுகளைப் பார்த்துப் பழகியது. இந்தி பம்பாயில் அடி வாங்கிப் பழகியது. எந்த ஊரிலும் இரண்டு மழைக்காலம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. தூங்கின இடம் பிளாட்பாரம், லாரிக் கூரை, படகின் வலைக்குவியல். அதில் பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை, முதுகு பழகிக்கொள்ளும்.

அப்பா செத்த பிறகு அக்காவைத் தவிர ஊரில் யாரும் இல்லை. ஒருநாள் மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, ஊர் சுத்தினது மதிடா, போதும். இங்க வா. ஹெல்ப்பர் ஆள் வேணும்."

"முன்னாடி இருந்தவன் எங்க மச்சான்?"

"அவன் கல்ஃபுக்குப் போயிட்டான். அவனுக்கு யோகம். உனக்கு நான்தான் யோகம்."

சிரித்தார். நானும் சிரித்தேன். வந்துவிட்டேன்.

அக்கா வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளி ஒரு அறை எடுத்துக்கொண்டேன். யூதர்கள் இருந்த ஜூ டவுனில் பழைய சாமான் கடைக்காரர் ஒருவர், வெள்ளைக்கார டூரிஸ்டுகள் தொடாத ஒரு கட்டிலைக் கொடுத்தார். ஒரு காலில் வெடிப்பு இருந்தது, கம்பி கட்டினேன். வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் மரச்சாமான் அதுதான். கட்டில் வாங்கினவன் இனி எங்கே ஓடப்போகிறான் என்று அக்கா தெருவில் எல்லாரிடமும் சொன்னாள்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது. சக்கரத்தடியில் பிடிப்புக்காகத் தூவ இன்ஜினின் மணல் பெட்டியில் காய்ந்த மணல் நிரப்ப வேண்டும், வேகன்களைக் கோர்க்க வேண்டும், அவிழ்க்க வேண்டும். ஆனால் முக்கியமான வேலை வளைவில்தான். சைடிங்கின் கடைசிக் குடோனுக்குப் போகும் பாதை நன்றாகவே வளைந்திருந்தது. வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் பலகை இருந்தது. ஆறு அச்சு இன்ஜின் இதற்கு மேல் போகக் கூடாது என்று மலையாளத்திலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தது. முதல் நாளே வாசித்தேன். சாயா குடிக்கும்போது மச்சானிடம் கேட்டேன்.

"போகக் கூடாதுன்னுல்ல எழுதியிருக்கு?"

"அத எழுதினவன் பென்ஷன் வாங்கிட்டு வீட்ல பேரப்பிள்ளையத் தோள்ல தூக்கிட்டு நிக்கிறான். சரக்கை அவனா கொண்டுபோய்க் கொடுப்பான்?"

பக்கத்தில் இருந்த சூப்பர்வைசர் பழம்பொரியைக் கடித்துக்கொண்டே தலையாட்டினார். அந்த வளைவுக்கென்று நாலு அச்சுள்ள சின்ன இன்ஜின் ஒன்று முன்பு இருந்தது. அது கெட்டுப்போய் வேலியோரம் நின்றது. உதிரி பாகம் வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் ஜன்னல் வழியாகக் கோவைக்கொடி உள்ளே போய் மறு ஜன்னல் வழியாக வெளியே வந்திருந்தது. அதனால் எல்லா டிரிப்பும் ஆறுகாலிதான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். நான் வாளியில் தண்ணீர் எடுத்துக்கொண்டு முன்னால் போவேன். வளைவு முழுக்க, வெளிப்பக்கத் தண்டவாளத்தின் உள்விளிம்பில் ஊற்றிக்கொண்டே நடப்பேன். ஈரம் இருந்தால் சக்கரம் வழுக்கிக்கொண்டு திரும்பும், ஏறாது. மச்சான் வண்டியைக் கொண்டுவந்து பலகைக்கு இந்தப் பக்கம் நிறுத்துவார். குட்டையாக இரண்டு ஹாரன். நான் குனிந்து பாதையைப் பார்ப்பேன். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு வலது கையைத் தூக்கி என் பக்கம் இழுப்பேன். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும்.

டிரைவரின் அறை இன்ஜினின் ஒரு கோடியில். அவருக்கு முன்னால் நீளமான மூக்கு. வளைவில் அதன் மறுபக்கம் என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரியாது. நான் கூடவே நடந்து காதால் பார்ப்பேன். சக்கரம் கத்திக்கொண்டே இருந்தால் பயம் இல்லை. கத்தல் திடீரென்று நின்றால்தான் ஆபத்து, சக்கரம் விளிம்பில் ஏறுகிறது என்று அர்த்தம். உடனே இரண்டு கையையும் தூக்க வேண்டும். புதிதாக வருகிறவன் கத்தலைக் கேட்டு நடுங்குவான். பழகினவன் அது நின்றால் நடுங்குவான்.

"ஏன் மச்சான், பலகைகிட்ட நிக்கணும்? ஒரேயடியா வந்துரலாமே," என்று ஒரு தடவை கேட்டேன்.

"நீ பாத்துச் சொல்லாம நான் எப்படிடா வருவேன்? உன் கைதான் எனக்கு சிக்னல். நீ கை காட்டாம இந்த வண்டி ஒரு அடி நகராது."

அதைச் சொன்ன அன்று நான் அறைக்குப் போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டு என் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதுவரைக்கும் நான் போன இடத்திலெல்லாம் என்னைப் போ, வா, தூக்கு, நகரு என்றுதான் சொன்னார்கள். அவ்வளவு பெரிய இரும்பு என் கைக்காக நின்று காத்திருப்பது எனக்குப் புதிது. சில நாள் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதமாகக் கை காட்டுவேன். மச்சான் ஜன்னலில் தலையை நீட்டி, "ராசா, உத்தரவு கொடுங்க," என்பார். வேகன் இறக்குகிறவர்கள் சிரிப்பார்கள்.

வேலை ஓய்ந்த சமயத்தில் அவர் என்னைத் தன் சீட்டில் உட்காரவைத்தார். கைப்பிடியை எப்படி ஒவ்வொரு படியாக நகர்த்துவது, பிரேக்கை எப்போது விடுவது என்று காட்டினார். அடுத்த தடவை ஆள் எடுக்கும்போது உன்னை டிரைவர் வேலைக்கு அனுப்பச் சொல்கிறேன் என்று சூப்பர்வைசரும் சொல்லியிருந்தார். ஊரில் நிற்பேனா, மறுபடி கிளம்புவேனா என்பது அதில்தான் இருந்தது. நிற்பது என்று மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரம். வளைவின் நடுவில் தண்டவாளத்தைத் தாங்கும் கட்டைகள் ஊறிப்போயிருந்தன. செருப்பால் மிதித்தால் உள்ளே போனது. மரம்தானா, நனைந்த ரொட்டியா என்று தெரியவில்லை. காலையில் சாயாக்கடையில் இரண்டு பேரிடமும் சேர்த்துச் சொன்னேன். மச்சான் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் வெளியே மழையைப் பார்த்தார்.

"மெல்லெ போயா மதி," என்றார். மெதுவாகப் போனால் போதுமாம்.

மத்தியானம் மழை விட்டிருந்தது. பாதை நனைந்தே இருந்தது, வாளி தேவைப்படவில்லை. ஆறுகாலி காலி வேகன் ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தது, பலகைக்கு முன்னால் நின்றது. இரண்டு ஹாரன். நான் குனிந்து பார்த்தேன். காலையில் பார்த்தது அப்படியேதான் இருந்தது. கை காட்டினேன். அதுதான் என் வேலை.

சக்கரம் கத்த ஆரம்பித்தது. பாதி வளைவு வரை கத்தியது. பிறகு நின்றது. இரண்டு கையையும் தூக்கினேன், அவரும் உடனே பிரேக் போட்டார். ஆனால் தண்டவாளம் அதற்குள் வெளிப்பக்கம் விலகிவிட்டது. கட்டையில் ஆணி பிடிக்கவில்லை. முன்னால் போன காலி வேகன் தப்பியது, இன்ஜினின் முன்பக்கத்து மூன்று அச்சும் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே இறங்கின. எருமை சேற்றில் முன்னங்கால் மடித்து உட்காருகிற மாதிரி ஆறுகாலி சாய்ந்து உட்கார்ந்தது. யாருக்கும் அடி இல்லை.

மச்சான் குதித்து இறங்கி ஓடிவந்தார். "மாப்ளே, உனக்கு ஒண்ணும் இல்லையே?" என்று என் தோளைப் பிடித்துப் பார்த்தார். இதையும் நான் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அதுவும் நடந்தது.

மறுநாள் விசாரணை. சூப்பர்வைசரின் தகர அறையில் ஃபேன் சுற்றியது. கம்பெனியின் பெரிய அதிகாரி ஒருவர் வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். தமிழ் தெரிந்தவர். கோயம்புத்தூர் பக்கம் வேலை பார்த்தவராம். மச்சானிடம்தான் முதலில் கேட்டார்.

"பலகைகிட்ட வண்டிய நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேன் சார்."

"அப்புறம்?"

"ரெண்டு ஹாரன் அடிச்சேன் சார். அவன் கை காட்டினான். வந்தேன்."

எல்லாம் உண்மை. அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. அதிகாரி என்னைப் பார்த்தார்.

"கை காட்டினியா?"

"காட்டினேன்."

"உனக்கு வாசிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"பலகைல என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். சூப்பர்வைசர் ஃபேனைப் பார்த்தார்.

"தினமும் இப்படித்தான் சார் போறோம்," என்றேன். "இவங்களுக்கெல்லாம் தெரியும். கட்டை ஊறிப்போச்சுன்னு காலையிலயே சொன்னேன்."

அதிகாரி மச்சான் பக்கம் திரும்பினார். "தினமும் போறீங்களா?"

மச்சான் மடியில் வைத்திருந்த ஹெல்மெட்டின் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தார். அதில் சரிசெய்ய ஒன்றும் இல்லை.

"எனக்குத் தெரியாது சார். முன்னாடி என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. நான் கை பாத்து ஓட்டுறவன்."

சூப்பர்வைசர் அதே வார்த்தையைக் கொஞ்சம் மாற்றிச் சொன்னார். அவர் ஆபீசிலேயே இருப்பவராம், வளைவில் என்ன நடக்கிறது என்று பார்த்ததில்லையாம். என் வேலை அதோடு போனது, வெளியே கேட்டில் என் பாஸை வாங்கிக்கொண்டார்கள். செக்யூரிட்டி சேட்டன் எனக்குத் தெரிந்தவர்தான், தினமும் நான் அங்கே குழாயில் தண்ணீர் பிடிப்பதைப் பார்க்கிறவர். வாளியை என்ன செய்வது என்று கேட்டார். அதன் வாயை ஒரு பக்கம் நானே நசுக்கி வைத்திருந்தேன், தண்ணீர் மெல்லிய கோடாக விழுவதற்காக. இங்கேயே இருக்கட்டும் என்றேன்.

அக்கா வீட்டுக்குப் போனேன். கப்பக்கிழங்கும் மத்தி மீன் கறியும் வைத்திருந்தாள். மச்சான் வரவில்லை. நான் சொல்லும் முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது. தட்டை என் முன்னால் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"உன்னக் கொல்றதுக்கா அவரு சொல்லியிருப்பாரு? வேற வழி இல்லடா."

"ஒரு வார்த்தை, ஆமா தினமும் போறோம்னு சொல்லியிருந்தா போதும்க்கா."

"சொன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு. நீ ஒத்த ஆளு. எங்க வேணாலும் போயி பொழச்சுக்குவ. உனக்குப் பழக்கம்தானே?"

"கட்டில் வாங்கியிருக்கேன்."

என் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி ஊற்றினாள். "கட்டில வித்துரலாம்டா," என்றாள் கடைசியில், மெதுவாக. சாப்பாடு நன்றாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன். எழுந்து கை கழுவி வெளியே வந்தபோது சந்தின் முனையில் மச்சான் பைக்கை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தார். நான் போகட்டும் என்று காத்திருக்கிறார் என்று தெரிந்தது. மறு வழியாகப் போனேன்.

முன்பென்றால் அடுத்த ரயிலைப் பிடித்திருப்பேன். இந்தத் தடவை போகவில்லை. அவர்கள் எல்லாரும் நான் போய்விடுவேன் என்று எதிர்பார்த்ததுதான் காரணம். கொஞ்ச நாள் ஜூ டவுனில் மிளகு மூட்டை தூக்கினேன். பிறகு தோப்பும்படி ஹார்பரில் ஐஸ் உடைத்துப் படகில் ஏற்றுகிற வேலை. கை மரத்துப்போகும், ஆனால் வியர்க்காது.

அங்கே இடக்கொச்சிக்காரர் ஒருவர் இருந்தார். நாற்பது வயசு இருக்கும், எங்களைப் போலவே தமிழ்க் குடும்பம். என்னை இரண்டு நாள் பார்த்துவிட்டு மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நீ ஆறுகாலிக்குத் தண்ணி ஊத்தினவன்தானே?"

"ஆமா. உங்களுக்கு எப்படி..."

"உனக்கு முன்னாடி ஊத்தினவன் நான்."

"கல்ஃபுக்குப் போயிட்டீங்கன்னு சொன்னாங்களே?"

அவருக்குச் சிரிப்பு பொங்கியது. பீடி வாயிலிருந்து விழுந்து ஐஸ் தண்ணீரில் அணைந்தது. "பாத்துக்கோடா, இதான் கல்ஃப். ஒட்டகம் மட்டும்தான் இல்ல. குளிரு பாரு, ஏசி போட்ட மாதிரி!" என்று ஐஸ் குவியலைத் தட்டினார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"ரெண்டு ஹாரன் அடிச்சானா?"

"அடிச்சாரு."

"பலகைக்கு இந்தப் பக்கம் நின்னு?"

"ஆமா."

"எனக்கும் அப்படித்தான். ஒரு வேகன் இறங்கிச்சு. நின்னேன், ஹாரன் அடிச்சேன், அவன் கை காட்டினான்னு சொன்னான். என் கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்து சாப்பிட்டவன்டா. உனக்கு என்ன வேணும் அவன்?"

"அக்கா புருஷன்."

வேறு பீடி எடுத்து, எனக்கும் ஒன்று கொடுத்தார். "அப்ப உன்னப் பாத்தா எனக்குப் பரவால்ல," என்றார்.

விசாரணையில் மச்சான் சொன்னதை நான் அதுவரை வேறு விதமாக நினைத்திருந்தேன். பயத்தில் வந்த வார்த்தை, யாருக்கும் வரும், என்று ஒரு மூலையில் மன்னித்துக்கூட வைத்திருந்தேன். ஆனால் பலகைக்கு முன்னால் நிற்பது அந்த அறையில் யோசித்தது இல்லை. என்னைக் கூப்பிடும் முன்பே இருந்தது. அவர் போனில் யோகம் என்று சிரித்தபோதே இருந்தது. அவர் ஒவ்வொரு டிரிப்பிலும் நின்றார், ஹாரன் அடித்தார், என் கையைக் கேட்டார். நான் அதை மரியாதை என்று வாங்கிக்கொண்டேன்.

ஆறுகாலியைத் தூக்கி நிறுத்திவிட்டார்கள். கட்டை மாற்றினார்களா என்று தெரியாது. பலகைக்கு மட்டும் புது மஞ்சள் பெயின்ட் அடித்தார்களாம். சின்ன இன்ஜின் இன்னும் கொடிக்குள்தான் இருக்கிறதாம். படகில் ஐஸ் ஏற்றும்போது சில சமயம் ஐலண்ட் பக்கமிருந்து குட்டையாக இரண்டு ஹாரன் கேட்கும். என் கை தானாக நிற்கும். கத்தல் தொடங்கி, நீண்டு, முடிகிறவரை நிற்கும். பிறகுதான் அடுத்த கட்டியை எடுப்பேன்.

பாலத்தடியில் ஒரு சாயாக்கடை இருக்கிறது. போன வாரம் அங்கே ஒரு வங்காளத்து ஆள் நின்றுகொண்டிருந்தான். என் வயசுக்காரன்தான். பேன்ட்டில் கிரீஸ், சட்டையில் காய்ந்த மணல். காலடியில் ஒரு வாளி, விரிசலுக்குத் தார் பூசிக் காயவைத்திருந்தான். வாய் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. யாருடையது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். சந்தோஷப்பட்டுவிட்டான், அந்தப் பக்கம் அவனோடு பேச ஆள் இல்லை.

நான் யாரென்று சொன்னேன். என்ன நடந்தது என்றும் சொன்னேன். மறைக்காமல், வரிசையாகச் சொன்னேன். கேட்டுக்கொண்டான்.

"இனிமேல் கை காட்டாதே," என்றேன். "ஹாரன் அடித்தால் சும்மா நில். அவரையே இறங்கி வந்து பார்க்கச் சொல்."

"அவர் ஏன் இறங்கணும் பாய்?" என்றான். கோபம் இல்லை, எனக்கு விளங்கவில்லையே என்கிற இரக்கம்தான். "நல்ல மனுஷன். வீட்டிலிருந்து எனக்கு மீன் கறி கொண்டுவந்து கொடுக்கிறார். என் கையைப் பார்க்காமல் ஒரு அடி நகர மாட்டார்."

சாயா கிளாஸைக் கீழே வைத்தான். எனக்கு மறந்துபோயிருக்கும் என்று நினைத்தவன் போல, வலது கையை நன்றாக உயர்த்தி, மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக் காட்டினான்.